செயற்கைக்கோள் இணைப்பில் மழைக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். 12 கிகாஹெர்ட்ஸ் டவுன்லிங்க் (செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு வரும் வழி), 75 செ.மீ. டிஷ். தெளிந்த வானத்தில் லிங்க் பட்ஜெட் (சிக்னலின் வரவு-இழப்புக் கணக்கு) போட்டால் தேவைக்கு மேல் 3.4 டெசிபல் மிச்சம் (மார்ஜின்) இருக்கிறது. ஐடியூ (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) முறைப்படி அந்த இடத்தில் ஆண்டின் 0.3 விழுக்காடு நேரம்தான் மழைத் தணிப்பு, அதாவது மழையால் சிக்னல் குறையும் அளவு, 3.25 டெசிபலைத் தாண்டும். ஆகவே 99.7 விழுக்காடு இணைப்பு நிற்க வேண்டும். ஆனால் சுமாரான மழைக்கே இணைப்பு விழுந்துவிடுகிறது. தவறு எங்கே? இதே கணக்கைக் கேஏ பேண்டுக்கு (20, 30 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவெண்கள்) எப்படிப் போடுவது?

தவறு மழைத் தணிப்புக் கணக்கில் இல்லை. அந்த 3.25 டெசிபலை அப்படியே மார்ஜினோடு ஒப்பிட்டதில் இருக்கிறது. டவுன்லிங்கில் மழை சிக்னலைக் குறைப்பதோடு நிற்பதில்லை, டிஷ் கேட்கும் இரைச்சலையும் ஏற்றிவிடுகிறது. சின்ன டிஷ், நல்ல எல்என்பி (டிஷ்ஷின் முனையில் உள்ள குறை இரைச்சல் பெருக்கி) என்று இருக்கும் இடத்தில் இந்த இரண்டாவது அடி முதல் அடிக்குச் சமமாகவே இருக்கும். ஒரே மாதத்தில் சம்பளம் குறைந்து வாடகையும் ஏறினால் எப்படியோ, அப்படி.

முதலில் தெளிந்த வானத்துக் கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம். இனி வரும் எல்லா எண்களும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

செயற்கைக்கோள் புவிநிலை வட்டத்தில், அதாவது பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. டிஷ் 50 பாகை ஏற்றக்கோணத்தில் பார்க்கிறது என்றால் சாய்வுத் தூரம் ஏறத்தாழ 37,080 கி.மீ. வெற்றுவெளி இழப்பு என்பது 92.45, தூரத்தின் (கி.மீ.) மடக்கை இருபது மடங்கு, அலைவெண்ணின் (கிகாஹெர்ட்ஸ்) மடக்கை இருபது மடங்கு ஆகிய மூன்றின் கூட்டல். 12 கிகாஹெர்ட்ஸுக்கு அது 205.4 டெசிபல் வருகிறது. 75 செ.மீ. டிஷ்ஷின் கெயின் (சிக்னலைக் குவிக்கும் திறன்), 65 விழுக்காடு செயல்திறன் என்று எடுத்துக்கொண்டால், 37.6 டெசிபல். ஆன்டெனா வெப்பநிலை 40 கெல்வின், எல்என்பியும் அதற்கு முன்னுள்ள சிறு இழப்புகளும் சேர்ந்து 60 கெல்வின், ஆக மொத்த இரைச்சல் வெப்பநிலை 100 கெல்வின். டெசிபலில் அது 20. எனவே ஜி/டி, அதாவது கெயினிலிருந்து இந்த இரைச்சலைக் கழித்தது, 17.6.

செயற்கைக்கோள் உங்கள் இடத்துக்குத் தரும் ஈஐஆர்பி (ஆன்டெனா கெயினையும் சேர்த்த அனுப்பும் திறன்) 48 டெசிபல்வாட் என்று கொள்வோம். காற்றின் வாயுக்கள், டிஷ் குறி சற்று விலகுவது போன்றவற்றுக்கு 0.6 டெசிபல் கழிப்போம். போல்ட்ஸ்மான் மாறிலி மைனஸ் 228.6 என்பதால் அதைக் கழிக்கும்போது கூட்டலாகிறது. 48 − 205.4 − 0.6 + 17.6 + 228.6 = 88.2 டெசிபல்ஹெர்ட்ஸ். நொடிக்கு 3 கோடி சிம்பல் (ஒரு முறை அனுப்பும் குறி) வேகத்துக்கு 74.8ஐக் கழித்தால் டவுன்லிங்கின் சிக்னல்-இரைச்சல் விகிதம் மட்டும் 13.4 டெசிபல். இதோடு அப்லிங்க் (தரையிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போகும் வழி) 25 டெசிபல், அண்டைச் செயற்கைக்கோள்களின் குறுக்கீடும் மற்றவையும் சேர்ந்து 20 டெசிபல். இவற்றை டெசிபலில் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் சாதா எண்ணாக மாற்றி, தலைகீழாக்கிக் கூட்டி, திரும்ப மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் மொத்தம் 12.3 வருகிறது. டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தரநிலையில் 8பிஎஸ்கே 3/4க்கு (ஒரு பண்பேற்றமும் அதோடு சேர்ந்த பிழைதிருத்தக் குறியீடும்) கோட்பாட்டளவில் 7.9 டெசிபல் தேவை. கருவியின் குறைபாடுகளுக்கு 1 டெசிபல் சேர்த்தால் 8.9. மிச்சம் 3.4. நீங்கள் போட்ட கணக்கும் இதுதான், இதுவரை பிசகு எதுவும் இல்லை.

இனி மழை. மழைத்துளி பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது, கனமழையில் இன்னும் பெரிதாகும். 4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 75 மி.மீ. என்பதால் துளி அதன்முன் மிகச் சிறியது. 12 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 25 மி.மீ., 30 கிகாஹெர்ட்ஸில் 10 மி.மீ. அலைநீளம் துளியின் அளவை நெருங்க நெருங்க, துளி அலையின் ஆற்றலை அதிகமாக உறிஞ்சுகிறது, அதிகமாகச் சிதறடிக்கிறது. கோளத்தின் மேல் அலை படும்போது என்ன நடக்கும் என்பதை 1908இல் குஸ்டாவ் மீ தீர்த்துவைத்தார். எந்த மழையில் எந்த அளவுத் துளி எத்தனை இருக்கும் என்பதற்கு 1948இல் மார்ஷலும் பால்மரும் ஓர் எளிய சூத்திரம் தந்தார்கள். இரண்டையும் சேர்த்துத் தொகையிட்டால் கிடைப்பதை ஓர் அடுக்குச் சூத்திரமாகச் சுருக்கிவிடலாம். ஒரு கிலோமீட்டருக்கான தணிப்பு, மழைவீதத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தி ஒரு குணகத்தால் பெருக்கியதற்குச் சமம். குணகமும் அடுக்கும் அலைவெண்ணையும் துருவமுனைப்பையும் (அலையின் மின்புலம் அதிரும் திசை) பொறுத்தவை. ஐடியூ-ஆர் பி.838 பரிந்துரையில் இவற்றின் அட்டவணை இருக்கிறது.

மணிக்கு 50 மி.மீ. வீதத்தில் பெய்யும் மழையை எடுத்துப் பாருங்கள். 4 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு 0.04 டெசிபல்கூட இல்லை. 12இல் 2.2 டெசிபல். 20இல் 5. 30இல் 9. சி பேண்டில் (4 கிகாஹெர்ட்ஸ் அளவு) பழகியவர்கள் மழையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கும், கேயூ பேண்டுக்கு (12 கிகாஹெர்ட்ஸ் அளவு) வந்ததும் திணறுவதற்கும் இந்த நான்கு எண்களே காரணம்.

இங்கே மழைவீதம் என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுக்க எத்தனை மி.மீ. மழை பெய்கிறது என்பது இந்த வேலைக்குக் கிட்டத்தட்டப் பயனற்ற தகவல். நாள் முழுக்கத் தூறும் ஊரில் ஆண்டு மழை அதிகமாக இருக்கும், இணைப்பு அசையாது. அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும் ஊரில் ஆண்டு மழை குறைவாக இருந்தாலும் அந்த அரை மணி நேரம் இணைப்பு போய்விடும். மணிக்கணக்கில் சேர்த்து எழுதிய மழைப் பதிவும் உதவாது. ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. என்று பதிவில் இருக்கும். உண்மையில் பதினைந்து நிமிடம் மணிக்கு 160 மி.மீ. வீதத்திலும், மீதி நேரம் 27 மி.மீ. வீதத்திலும் பெய்திருக்கலாம். இணைப்பைக் கொன்றது அந்தப் பதினைந்து நிமிடம். அதனால்தான் ஐடியூ ஒரு நிமிட சராசரியில் அளந்த வீதத்தைக் கேட்கிறது. ஆண்டின் 0.01 விழுக்காடு நேரம், அதாவது சுமார் 53 நிமிடம், தாண்டப்படும் வீதம் எது என்பதுதான் முக்கியமான எண். உள்ளூர் அளவீடு இல்லாவிட்டால் பி.837இன் வரைபடத்திலிருந்து எடுக்கலாம்.

உங்கள் இடத்தை வெப்பமண்டலத்தில், 10 பாகை அகலாங்கில், கடல் மட்டத்தில் உள்ள ஓர் இடமாகவும், அந்த 0.01 விழுக்காட்டு வீதத்தை மணிக்கு 90 மி.மீ. என்றும் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன 3.25 டெசிபலுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. மழை எவ்வளவு உயரத்திலிருந்து நீராக இறங்குகிறது என்பது அடுத்த கேள்வி. மேலே பனியாக இருக்கும்போது தணிப்பு மிகக் குறைவு. உருகி நீரான பிறகுதான் பாதிப்பு. வெப்பமண்டலத்தில் இந்த உயரம் ஏறத்தாழ 5 கி.மீ. ஏற்றக்கோணம் 50 பாகை என்றால் மழைக்குள் சாய்வுப் பாதை 6.5 கி.மீ. 90 மி.மீ. வீதத்துக்கு 12 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு 4.3 டெசிபல்.

இரண்டையும் பெருக்கினால் 28 டெசிபல் வரும். பலர் இதோடு நிறுத்திவிட்டு, இவ்வளவு மார்ஜின் எங்கே கிடைக்கும் என்று கையை விரித்துவிடுகிறார்கள். கனமழை பாதை முழுக்க ஒரே சீராகப் பெய்வதில்லை. கொட்டும் மழைத் திரள் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். அதனால் ஐடியூவின் பி.618 முறையில் கிடைத்தளக் குறைப்புக் காரணி ஒன்று, செங்குத்துத் திருத்தக் காரணி ஒன்று என்று இரண்டு வருகின்றன. இந்த எடுத்துக்காட்டில் அவை 6.5 கி.மீ. பாதையை 3.25 கி.மீ. பயனுறு நீளமாகச் சுருக்குகின்றன. ஆக 0.01 விழுக்காட்டுத் தணிப்பு 13.9 டெசிபல். மற்ற விழுக்காடுகளுக்கு அதே பரிந்துரையில் உள்ள சூத்திரப்படி இறங்கினால், 0.1 விழுக்காட்டில் 5.9, 0.3இல் 3.25, 1 விழுக்காட்டில் 1.2 டெசிபல்.

இனி உங்கள் கணக்கு தடம் மாறிய இடம். தெளிந்த வானத்தில் டிஷ் பார்ப்பது குளிர்ந்த வெளியை. அதனால்தான் ஆன்டெனா வெப்பநிலை 40 கெல்வினில் நிற்கிறது. மழை குறுக்கே வந்தால் டிஷ் பார்ப்பது 275 கெல்வின் அளவிலான நீர்ப்படலத்தை. எந்தப் பொருள் அலையை உறிஞ்சுகிறதோ, அது தன் வெப்பநிலைக்கேற்ப இரைச்சலை உமிழவும் செய்யும். 3.25 டெசிபல் தணிப்பு என்றால் சிக்னலில் 47 விழுக்காடுதான் தப்பி வருகிறது, 53 விழுக்காடு மழையில் போகிறது. அதே 53 விழுக்காட்டுக்கு 275 கெல்வினை மழை திருப்பித் தருகிறது: 145 கெல்வின். பழைய 40 கெல்வினை எளிமைக்காக முழுக்க வானத்திலிருந்து வருவதாகவே எடுத்துக்கொண்டால் அதில் 19 மிஞ்சும். ஆன்டெனா வெப்பநிலை 164. அதோடு 60 சேர்த்தால் 224 கெல்வின். 100 இருந்த இடத்தில் 224 என்றால் 3.5 டெசிபல் ஏற்றம். தணிப்பு 3.25, இரைச்சல் 3.5, இரண்டும் சேர்த்து டவுன்லிங்க் இழந்தது 6.75 டெசிபல். 13.4 இருந்தது 6.65 ஆகிவிட்டது. 8பிஎஸ்கே 3/4 பிழைக்க வழியே இல்லை.

அப்படியானால் இந்த இணைப்பு எவ்வளவு மழையைத் தாங்கும்? மொத்தம் 8.9 கிடைக்க டவுன்லிங்க் 9.4க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆகவே இழக்க முடிந்தது 4 டெசிபல். அதில் இரைச்சல் 2.4ஐ எடுத்துக்கொள்கிறது, மழைத் தணிப்புக்கு மிஞ்சுவது 1.6 டெசிபல் மட்டும். 1.6 டெசிபல் தணிப்பு ஆண்டின் 0.74 விழுக்காடு நேரம் தாண்டப்படுகிறது. 26 மணி நேரம் இணைப்பு இருக்காது என்று எதிர்பார்த்தீர்கள், வரப்போவது 65 மணி நேரம். சுமாரான மழைக்கே விழுகிறது என்று நீங்கள் கவனித்தது முற்றிலும் சரி.

ஒன்றைக் கவனியுங்கள். எல்என்பி எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு இந்த இரைச்சல் ஏற்றம் கூடும். 100 கெல்வினிலிருந்து 224க்குப் போவது 3.5 டெசிபல். பழைய, மட்டமான எல்என்பி போட்டு மொத்தம் 200 கெல்வினில் இருந்தால், அதே மழையில் 324 கெல்வின் ஆகும், ஏற்றம் 2.1 டெசிபல்தான். இதைப் பார்த்து மட்டமான எல்என்பி மேல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 324ஐவிட 224 எப்போதும் நல்லது. தெளிந்த வானத்து ஜி/டியை நம்பி மழைநாளைக் கணக்கிடக் கூடாது, அவ்வளவுதான். பட்ஜெட் தாளில் தெளிந்த வானத்துக்கு ஒரு பத்தி, மழைக்கு ஒரு பத்தி என்று பிரித்து, மழைப் பத்தியில் ஜி/டியைப் புதிதாகக் கணக்கிடுங்கள். கேயூ பேண்டுக்கு 3 டெசிபல் மழை மார்ஜின் போதும் என்று வழிவழியாகச் சொல்லிவரும் கைக்கணக்கை நான் ஏற்பதில்லை. அது எந்த இடத்துக்கு, ஆண்டில் எத்தனை மணி நேரத்துக்கு என்று சொல்லாத எண்.

அப்லிங்கில் கதை வேறு. செயற்கைக்கோளின் ஆன்டெனா ஏற்கெனவே சுமார் 290 கெல்வின் வெப்பமுள்ள பூமியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே மழை பெய்தால் அதன் இரைச்சல் குறிப்பிடும்படி மாறாது. ஆக அப்லிங்கில் தணிப்பு மட்டும்தான், இரைச்சல் அடி இல்லை. ஆனால் அலைவெண் கூடுதல். 12இல் 5 டெசிபல் தணிப்பு தரும் மழை 14 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6.7 டெசிபல் தரும். அதைவிட முக்கியமானது, மைய நிலையத்தின் அப்லிங்க் விழுந்தால் அதை நம்பியிருக்கும் எல்லா டிஷ்களும் ஒன்றாக விழும். டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கிப் பெருக்கித் திருப்பியனுப்பும் கருவி) பல கேரியர்களோடு (சிக்னலைத் தாங்கும் தனித்தனி அலைகள்) நேர்கோட்டுப் பகுதியில் ஓடுகிறதென்றால், அப்லிங்க் ஒரு டெசிபல் குறைந்தால் டவுன்லிங்க் ஈஐஆர்பியும் ஒரு டெசிபல் குறையும். ஒற்றைக் கேரியர் தெவிட்டு நிலையில் (பெருக்கி தன் உச்சத் திறனை எட்டிய நிலை) ஓடினால் இந்தப் பாதிப்பு குறைவு, தானியங்கிக் கெயின் கட்டுப்பாடு இருந்தால் இன்னும் குறைவு.

அதனால் செலவு செய்வதாக இருந்தால் மைய நிலையத்தின் அப்லிங்கில் முதலில் செய்யுங்கள். செயற்கைக்கோள் எப்போதும் ஒரே அளவில் அனுப்பும் பீக்கன் சிக்னலை அளந்து, அது குறையும் அளவை 1.3 மடங்கு ஆக்கி, அனுப்பும் திறனைத் தானாக ஏற்றும் அப்லிங்க் பவர் கன்ட்ரோல் வைப்பது வழக்கம். மேலே சொன்ன இடத்தில் 0.1 விழுக்காட்டைக் காக்க 8 டெசிபல் ஏற்றும் வசதி வேண்டும். பெருக்கியில் அந்த 8 டெசிபல் முன்கூட்டியே காலியாக இருக்க வேண்டும் என்பதால் தெளிந்த நாளில் அது ஆறில் ஒரு பங்கு திறனில்தான் ஓடும். மழை விட்டதும் உடனே இறங்காத கட்டுப்பாடு, தேவைக்கு மேல் ஏற்றும் கட்டுப்பாடு, இரண்டுமே டிரான்ஸ்பாண்டரைத் தெவிட்டச் செய்து மற்றவர்களின் கேரியரைக் கெடுக்கும். மேல் வரம்பு ஒன்றைக் கட்டாயம் பூட்டி வையுங்கள்.

இரு முனைகளிலும் உச்ச மழை ஒரே நேரத்தில் பெய்யும் என்று வைத்து டெசிபல்களைக் கூட்டுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு இடங்களும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அது வீண் செலவு. நேரங்களைக் கூட்டுங்கள். அப்லிங்க் 0.05 விழுக்காடு, டவுன்லிங்க் 0.2 விழுக்காடு என்றால் மொத்தம் ஏறத்தாழ 0.25 விழுக்காடு. மொத்த இலக்கை இப்படிப் பிரித்து வைத்த பிறகுதான் ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை டெசிபல் என்று கேட்க வேண்டும்.

துருவமுனைப்பைப் பற்றிச் சுருக்கமாக. விழும் துளி முழு உருண்டையாக இல்லாமல் பக்கவாட்டில் தட்டையாகிறது. ஆகவே கிடை அலை செங்குத்து அலையைவிடச் சற்று அதிகம் தணியும். துளி சாய்ந்து விழும்போது ஒரு துருவமுனைப்பின் ஆற்றல் இன்னொன்றுக்குள் கசியும். ஒரே அலைவெண்ணை இரண்டு துருவமுனைப்பிலும் பயன்படுத்தும் அமைப்பு என்றால் அந்தக் கசிவைக் குறுக்கீட்டுக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். வட்டத் துருவமுனைப்புக்குத்தான் பாதிப்பு மிக அதிகம். கேயூ பேண்டில் பெரும்பாலும் தணிப்பே முந்திக்கொள்ளும்.

சரி, உங்கள் இணைப்பை என்ன செய்யலாம்? டிஷ்ஷை 1.2 மீட்டராக்கினால் கெயின் 4.1 டெசிபல் கூடும், டவுன்லிங்க் 17.5 ஆகும். இழக்க முடிந்தது 8.1 டெசிபல். அதில் 3.9 இரைச்சலுக்குப் போக, 4.2 டெசிபல் மழையைத் தாங்கும். ஆண்டில் 65 மணி நேரம் 17 அல்லது 18 மணி நேரமாகக் குறையும். இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. 1.6 டெசிபல் மழையில் இரைச்சல் ஏற்றம் 2.4 ஆக இருந்தது, மழையைவிட அதிகம். 4.2 டெசிபல் மழையில் அது 3.9தான். மழை இன்னும் கூடினாலும் இரைச்சல் ஏற்றம் 5 டெசிபலைச் சுற்றியே நின்றுவிடும், ஏனென்றால் வானம் 275 கெல்வினுக்கு மேல் சூடாகாது. முதல் சில டெசிபல் மார்ஜின்தான் விலை கூடியது. அதைத் தாண்டிய பிறகு சேர்க்கும் ஒவ்வொரு டெசிபலும் கிட்டத்தட்ட முழுசாக மழைக்கே போகும்.

டிஷ்ஷைத் தொடாமலே இதைவிட நல்ல பலன் வேண்டுமென்றால் ஏசிஎம். அதாவது சிக்னல் தரத்துக்கேற்ப பண்பேற்றத்தையும் பிழைதிருத்தக் குறியீட்டையும் அவ்வப்போது மாற்றுவது. மெதுவான, ஆனால் உறுதியான க்யூபிஎஸ்கே 1/2க்கு டிவிபி-எஸ்2வில் 1 டெசிபல் போதும், கருவிக் குறைபாட்டையும் சேர்த்தால் 2. அதே 75 செ.மீ. டிஷ் அப்போது 6.8 டெசிபல் மழையைத் தாங்குகிறது. முழுக்க அறுபடும் நேரம் ஆண்டுக்கு 65 மணியிலிருந்து ஆறரை மணிக்கும் கீழே இறங்குகிறது. விலை என்னவென்றால், அந்த மழை நேரத்தில் நொடிக்கு 66.8 மெகாபிட் போன இடத்தில் 29.7 மெகாபிட்தான் போகும். 1.2 மீட்டர் டிஷ்ஷையும் ஏசிஎம்மையும் சேர்த்தால் 10.4 டெசிபல் மழை வரை நிற்கும், அறுபடுவது ஆண்டுக்கு இரண்டேகால் மணி நேரம் அளவில்தான். மார்ஜினை ஆண்டு முழுக்கச் சும்மா சுமந்துகொண்டிருக்காமல், மழை பெய்யும் நேரத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து அதை வாங்கிக்கொள்வதுதான் இன்றைக்குச் சரியான வடிவமைப்பு என்பது என் உறுதியான கருத்து. இன்னும் மேலே போகலாம். தெளிந்த நாளில் 1.2 மீட்டர் டிஷ்ஷுக்கு இன்னும் வேகமான 16ஏபிஎஸ்கே 3/4 தாராளமாக ஓடும், அதற்குத் தேவை 10.2 டெசிபல்தான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏசிஎம்முக்குத் திரும்பு வழி வேண்டும். ஒவ்வொரு டிஷ்ஷும் தன் சிக்னல் தரத்தை மைய நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். புவிநிலை வட்டத்தில் சேதி போய்த் திரும்ப அரை நொடியாவது ஆகும். அதற்குள் தணிப்பு இன்னும் கூடியிருக்கலாம் என்பதால் மாறும் எல்லையில் அரை முதல் ஒரு டெசிபல் வரை இடைவெளி விடுங்கள். எல்லோருக்கும் ஒரே ஒளிபரப்பு என்றால் இந்த வழி இல்லை, பெரிய டிஷ்ஷோ தாழ்ந்த பண்பேற்றமோதான் கதி.

இனி கேஏ பேண்ட். அதே இடம், அதே 50 பாகை, அதே 90 மி.மீ. 20 கிகாஹெர்ட்ஸ் டவுன்லிங்கில் 0.01 விழுக்காட்டுத் தணிப்பு 37 டெசிபல், 0.1இல் 17 முதல் 18, 0.3இல் 10. அப்லிங்க் 30 கிகாஹெர்ட்ஸில் 0.01க்கு 70 டெசிபலைத் தாண்டுகிறது, 0.1க்கே 36 டெசிபல். 36 டெசிபல் என்றால் கிட்டத்தட்ட நாலாயிரம் மடங்கு. ஒரு வாட் போதும் என்ற இடத்தில் நாலாயிரம் வாட். இதைப் பெருக்கியாலோ டிஷ்ஷாலோ வெல்ல நினைப்பதே தவறான திசை. நாசா 1993இல் ஏவிய ஏசிடிஎஸ் செயற்கைக்கோளை வைத்து இந்த அலைவெண்களில் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். பாதையில் உள்ள மழையோடு, டிஷ்ஷின் மேலும் ஃபீட்டின் (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் முனை) மூடியின் மேலும் படியும் நீர்ப்படலமே கணிசமான இழப்பைத் தரும் என்பது அப்போது தெளிவானது. கேஏ பேண்டில் ஃபீட் மூடியின் மேல் நீர் தேங்காமல் வழிந்தோடச் செய்வது சிறு வேலையாகத் தோன்றும், பலனில் சிறியதல்ல.

பயனர் பக்கத்தில் கேஏ பேண்டுக்கு ஏசிஎம்தான் விடை. அதோடு ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள் அளவிலான அறுபடுதலை ஒப்பந்தத்திலேயே நேர்மையாக எழுதிவிட வேண்டும். மைய நிலையத்துக்கு விடை இடம். கனமழைத் திரள் சில கிலோமீட்டர் அகலம்தான் என்று முன்பு பார்த்தோமே, அது இங்கே நமக்கு உதவுகிறது. பல பத்து கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு நிலையங்களை வைத்தால், இரண்டிலும் ஒரே நேரத்தில் கொட்டும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்றில் தணிப்பு கூடும்போது மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். நிலையங்கள் பல இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மாற்று வைக்காமல், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றிரண்டை உபரியாக வைத்துச் சமாளிக்கலாம். வறண்ட பகுதியில் நிலையத்தை வைக்க முடிந்தால் அது எல்லாவற்றையும்விட மலிவு.

தாழ்வட்டச் செயற்கைக்கோள்களைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 550 கி.மீ. உயரத்தில் இருப்பது நேர் தலைக்கு மேல் வரும்போது வெற்றுவெளி இழப்பு 36 டெசிபலுக்கும் மேல் குறைவு. ஆனால் மழை இருப்பது கடைசி 5 கிலோமீட்டரில். செயற்கைக்கோள் எவ்வளவு அருகில் இருந்தாலும் அந்தப் பாதை மாறாது. அந்த 36 டெசிபலும் சின்ன ஆன்டெனா, குறைந்த திறன் என்று ஏற்கெனவே செலவாகியிருக்கும். உண்மையான அனுகூலம் வேறு. வானத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள் தெரிந்தால் மழை இல்லாத திசையில் உள்ளதற்கோ, உயரத்தில் உள்ளதற்கோ மாறலாம். 20 பாகை ஏற்றக்கோணத்தில் மழைப் பாதை 14.6 கி.மீ., 50 பாகையில் 6.5 கி.மீ. என்பதை நினைவில் வைத்தால் உயரத்தில் உள்ளதைத் தேர்வதன் பலன் விளங்கும்.

கடைசியாக, கட்டிய பிறகு அளப்பது. மோடம் சொல்லும் சிக்னல் தரத்தைச் சில நொடிக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். டிஷ் பக்கத்தில் ஒரு நிமிடத் துல்லியத்தில் பதியும் மழைமானி ஒன்றும் வையுங்கள். இரண்டும் நிமிடத்துக்கு நிமிடம் ஒத்துப்போகவில்லை என்றால் குழம்ப வேண்டாம். 50 பாகையில் மழைக்குள் போகும் பாதையின் நிழல் தரையில் செயற்கைக்கோள் இருக்கும் திசை நோக்கி 4 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அந்தத் திசையில் மழை தொடங்கிவிட்டால் உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழுவதற்கு முன்பே சிக்னல் சரியும். மழைமானி சும்மா இருக்கும்போது எல்லா டிஷ்களும் ஒரே நொடியில் சரிந்தால் மழை உங்கள் ஊரில் இல்லை, மைய நிலையத்தில். பவர் கன்ட்ரோல் சரியாக வேலை செய்கிறதா என்று அங்கே பாருங்கள். மழை விட்டு வெகுநேரம் ஆகியும் ஒரு டிஷ்ஷில் மட்டும் சிக்னல் முழுசாகத் திரும்பவில்லை என்றால் ஃபீட்டுக்குள்ளோ கனெக்டருக்குள்ளோ நீர் இறங்கியிருக்கிறது. அதை எந்த மார்ஜினாலும் ஈடுகட்ட முடியாது, ஏணி போட்டு ஏறிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மழைக்காலப் பதிவை மட்டும் வைத்து ஐடியூ கணக்கு தப்பு என்றோ சரி என்றோ தீர்மானிக்க வேண்டாம். அந்த விழுக்காடுகள் சராசரி ஆண்டுக்கானவை. ஓர் ஆண்டு பாதியாகவும் அடுத்த ஆண்டு இரு மடங்காகவும் வருவது இயல்பு. இரண்டு மூன்று ஆண்டுப் பதிவு சேர்ந்ததும், அதிலிருந்து எத்தனை விழுக்காடு நேரம் எத்தனை டெசிபல் சரிந்தது என்ற வளைகோட்டை வரையுங்கள். மோடம் காட்டும் சரிவில் இரைச்சல் ஏற்றமும் கலந்திருக்கும் என்பதால், மேலே போட்ட அதே 275 கெல்வின் கணக்கைத் தலைகீழாகப் போட்டு மழைத் தணிப்பைத் தனியே பிரித்த பிறகே பி.618 தரும் எண்களோடு ஒப்பிட வேண்டும்.